நாகலிங்கத்தை ஏசிய டிரம்பெட்

ஞானசிங்குக்கு இந்த உலகத்தில் கண்டாலே பிடிக்காத ஆள் ஒருவர்தான். அந்த ஒருவரோடுதான் ஷார்ஜா தொழில்பேட்டையின் தொழிலாளர் கேம்ப்பில் ஆறு வருஷம் ஒரே ரூமில் கிடந்தான். இவன் மேல் கட்டில், நாகலிங்கம் கீழ்க் கட்டில். யார் போட்ட ஏற்பாடோ, அவர் கை விளங்காமல் போக.

ஞானசிங் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரன். மாதா கோயில் திருவிழா பேண்டில் டிரம்பெட் ஊதியவன், இங்கே பிளம்பர். நாகலிங்கம் புதுக்கோட்டைக்காரர், ராத்திரி வாட்ச்மேன். டூட்டி முடிந்து இவன் ஊதுகிற சாயங்காலம்தான் அவருடைய தூக்கத்தின் கடைசி ஒரு மணி நேரம்.

ஊதிய முதல் நாளே செருப்பு பறந்து வந்தது. மறுநாள் கேம்ப் பாஸிடம் புகார் போனது. சத்தம் கதவைத் தாண்டினால் டிரம்பெட் குப்பைக்குப் போகும் என்று தீர்ப்பானது. ஞானசிங் துண்டைத் திணித்துப் பார்த்தான், மூச்சு முட்டியது. பிறகு, கக்கூஸ் அடைப்பு எடுக்கும் ரப்பர் கப்பைக் குச்சியிலிருந்து கழற்றி டிரம்பெட்டின் வாயில் பொத்தினான். சத்தம் அடங்கியது. கையை லேசாகத் திறந்து மூடினால், மனுஷன் மாதிரியே அது முனகியது, உறுமியது, பழிப்புக் காட்டியது. வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் அதன் வழியாகச் சொன்னான்.

நாகலிங்கத்துக்கு அது நன்றாகவே புரிந்தது. "என்னையத்தான்டா திட்டுற!" என்று கீழிருந்து கட்டிலை உதைப்பார். இவன் இன்னும் இரண்டு சேர்த்து ஊதுவான்.

அப்போதுதான் விஜயபாஸ்கரைப் பற்றிக் கேள்விப்பட்டான். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே, பெரிய ஹோட்டல்களில் ஜோடிகள் ஆடுவதற்கு வாசித்த பேண்ட் இசையை, பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அச்சு அசலாகத் திரும்ப வாசிப்பது அவர் பைத்தியம். துபாய் ஹோட்டல் ஒன்றும் இடம் கொடுத்திருந்தது. இரண்டாவது டிரம்பெட்டுக்கு ஆள் தேடினார். யாருக்கும் பயப்படாமல் ஊத ஒரு நாற்காலி. ஞானசிங்குக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

போய் ஊதினான். ஆறு வருஷம் பொத்தி ஊதிய மூச்சு, திறந்து ஊதியதும் பிசிறியது.

"சவ ஊர்வலம்னு நெனச்சியாய்யா?" என்றார் விஜயபாஸ்கர். ஒரு பழைய இசைத்தட்டை ஓடவிட்டார். "இந்த உறுமல் இருக்கு பாரு, இது எவனுக்கும் வரல. உனக்கா வரப்போகுது? கிளம்பு."

அது ஞானசிங்குக்குப் பழகிய உறுமல். பையிலிருந்து ரப்பர் கப்பை எடுத்தான். பேண்டின் மற்ற ஆட்கள் மூக்கைப் பொத்தினார்கள். நாகலிங்கத்தின் மூஞ்சியை நினைத்துக்கொண்டு ஊதினான். மூக்கைப் பொத்திய கைகளெல்லாம் கீழே இறங்கின.

நாற்காலி கிடைத்தது. ஷார்ஜா டவுனுக்குள், ரோலாவில் தனி அறையும் கிடைத்தது. செருப்பு இல்லை, உதை இல்லை. இரண்டே வாரத்தில் உறுமல் செத்துப்போனது.

"அன்னைக்கு ஊதினது நீதானா? நாளைக்கு ஷோ. இப்படித்தான் ஊதுவேன்னா வராத" என்றார் விஜயபாஸ்கர்.

மானத்தை விட்டு அன்று சாயங்காலமே கேம்ப்புக்குப் போனான். நாகலிங்கம் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, என்னைய ஒரு தடவ ஏசுங்க."

"எதுக்கு?"

முட்டாள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். நாகலிங்கம் பொறுமையாகக் கேட்டார். டீயைக் கீழே வைத்தார். ஆறு வருஷத்தில் ஒருநாளும் சிரிக்காத மனுஷன் சிரித்தார்.

"உங்களைப் போயி திட்டுவேனா? நல்லா இருங்க தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வேண்டுமென்றே செய்தார். ஞானசிங்குக்குக் காது சுட்டது. படியிறங்கிப் போனான்.

மறுநாள் ஷோவில், அந்தக் கும்பிட்ட கை கண்ணிலேயே நிற்க, ரப்பர் கப்பைப் பொத்தினான். இசைத்தட்டில் இருந்ததைவிட மோசமாக டிரம்பெட் உறுமியது. ஜோடிகள் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடினார்கள். விஜயபாஸ்கர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதில் ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.