நான் விற்ற லேப்டாப்பும் ரஃபீக்கின் மூன்று திரைகளும்

இன்று சிதம்பரத்தில் நண்பன் ரஃபீக் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனும் என்னைப் போல் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவன்.

உதவாது என்று நான் அவனிடம் விற்ற பழைய லேப்டாப்புக்கு இரண்டு பக்கமும் பெரிய மானிட்டர்கள். ஒன்றில் படம், இன்னொன்றில் எழுத்து, நடுவில் லேப்டாப்பில் பாட்டு.

"இதுல ஒரு மானிட்டர்தானேடா மாட்ட முடியும்?"

"இன்னொண்ண யூஎஸ்பி அடாப்டர் வச்சி மாட்டிட்டேன் மச்சான். வேலை சீக்கிரம் முடியுது, ஆர்டரும் ஜாஸ்தி வருது."

எனக்கு வயிறு எரிந்தது. கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

"ஒனக்கும் ஒண்ணு வாங்கியாரவா?" என்று கேட்டான்.

"வேணாம்டா. எனக்கு ஒரு ஸ்கிரீனே போதும்" என்று கிளம்பிவிட்டேன்.

கடலூர் வந்து சேர்ந்துவிட்டேன். அந்த அடாப்டர் மஞ்சக்குப்பத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரஃபீக் மட்டும் பதில் போட வேண்டாம்.