தானாகப் போன பதில்

மூன்று சீசனாகக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வீடு தென்காசியில். சாரல் தொடங்கிவிட்டால் அறைச் சாவி எடுத்துக் கொடுப்பதைவிட பதில் எழுதுவதுதான் எனக்குப் பெரிய வேலை. "தண்ணி விழுதா?", "குளிக்கத் தடை இருக்கா?", "ரூம் கிடைக்குமா?" விடிந்தால் இதே கேள்விகள். முதலாளி வாங்கித் தந்த டேப்லெட்டில் அடித்து அடித்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. சோறு பிசையக்கூட வலிக்கும்.

என் மகள்தான் அதில் ஒரு வசதி செய்து தந்தாள். 'த' என்று அடித்தால் போதும், அருவி நிலவரம் நாலு வரியாக விரியும். முதலாளிக்கு அது பிடித்துப்போய், யார் எப்போது எழுதினாலும் ஒரு பதில் தானாகவே போகும்படி வைக்கச் சொன்னார். வாசகத்தை நான்தான் எழுதினேன். 'வணக்கம்! சீசன் களைகட்டியிருக்கிறது. குடும்பத்துடன் வாருங்கள்.' அன்றைக்குக் கை ஓய்ந்த சந்தோஷத்தில் எழுதியது.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் தாங்கவில்லை. மதியம் மூன்று மணிக்குத்தான் டேப்லெட்டைக் கையில் எடுத்தேன். ஆலங்குளத்திலிருந்து ஒரு பெண் காலையிலேயே எழுதியிருந்தாள். அவளுடைய அப்பாவை இரண்டு நாளாகக் காணவில்லை, குற்றாலம் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், உங்கள் லாட்ஜில் தங்கியிருக்கிறாரா? கூடவே அவர் படம். அதற்குக் கீழே என் பதில், குடும்பத்துடன் வரச் சொல்லி. அவள் மறுபடி கேட்டிருந்தாள். மறுபடியும் அதே பதில். மூன்றாவதாக எழுதியிருந்தாள்: "அக்காவோ அண்ணனோ, யாராவது மனுசங்க இருந்தா பேசுங்களேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. உடனே கூப்பிட்டேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவாயில்லக்கா, பத்து லாட்ஜுக்கு எழுதுனேன். நீங்க மட்டும்தான் கூப்பிட்டிருக்கீங்க" என்றாள்.

பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. மேசையை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, டேப்லெட்டைச் சாரல் படாமல் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு மெயினருவிப் பக்கம் நடந்தேன். புறக்காவல் நிலையத்தில் சொன்னேன். கடைகளில் காட்டினேன். எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் படத்தைப் பார்த்ததும், "இவரா? அங்கன மண்டபத்துல படுத்திருக்காரு. என்ன கேட்டாலும் பேச மாட்டேங்காரு" என்றார்.

ஈர வேட்டியோடு தூணில் சாய்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். மகள் தேடுவதாகச் சொன்னேன்.

"தேடட்டும். பைக் சாவிய ஒளிச்சு வச்சிட்டா. கண்ணு தெரியலயாம். முப்பது வருசம் போலீஸ்ல ஜீப்பு ஓட்டுனவன் நான்."

"கண்ணு தெரியுதா அய்யா?"

வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டார். "சாயங்காலமானா தெரியாது" என்றார்.

அவர் மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்தரை மணிக்கு அவள் வந்தாள். தன் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "சாப்பிட்டியாட்டி?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். மூவரும் இட்லிக் கடைக்குப் போனோம். பிறகு அவர்கள் பஸ் ஏறினார்கள்.

மறுநாள் முதலாளியிடம் அந்தத் தானியங்கிப் பதிலை எடுத்துவிடலாம் என்றேன்.

"ஒருத்தருக்காவ மாத்த முடியுமாம்மா? நீ ஒருத்தி எத்தன பேருக்கு எழுதுவ?" என்றார். என் மணிக்கட்டும் அதையேதான் சொன்னது. அதனால் பதிலை எடுக்கவில்லை, வாசகத்தை மட்டும் மாற்றினேன். 'இது தானாக வரும் பதில். உங்கள் செய்தியைப் படித்துவிட்டு எழுதுகிறோம். அவசரமென்றால் கூப்பிடுங்கள்.' இப்போது அரைமணிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருக்கிறது. முக்கால்வாசியும் தண்ணி விழுதா என்பதுதான். படித்துப் படித்து, மதியத்துக்குள் கண் எரிகிறது.

புதிய வாசகத்தை முதலாளி இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார்.

"சப்புனு இருக்கேம்மா."

"இருந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி" என்றேன்.