பத்து நிமிஷத்துக்கு மேல ஓடாத டிராக்டர்

ஆவடி ஆலையில முப்பது வருஷம் ஃபிட்டரா இருந்துட்டு ரிடையர் ஆனவ, வீட்ல உக்காந்து சீரியல் பாப்பேன்னு எல்லாரும் நினைச்சாங்க. நான் காயலான் கடையில இருந்து பழைய டிராக்டரா பார்த்து வாங்கிட்டு வந்தேன். ரெண்டை ஓட வச்சு, வேணும்னவங்களுக்குக் கொடுத்தும் ஆச்சு. செத்துக் கிடந்த இன்ஜின் முதல் தடவ கரும்புகை கக்கி இருமும் பாருங்க, அந்த சந்தோஷமே தனி.

மூணாவது என் உயிரை வாங்கிடுச்சு. நூம்பல்ங்கிற ஊர்ல தெரிஞ்சவர் ஒருத்தரோட காலி மனையில நிறுத்தி, இன்ஜினைப் பிரிச்சு மாட்டினேன். நான் பிரிச்சுப் போட்டிருந்தப்பவே பானட், மட்கார்டு, டேங்க் எல்லாத்துக்கும் சிவப்பு பெயின்ட் அடிச்சது என் வீட்டுக்காரர். அவருக்கு இதுல தெரிஞ்ச ஒரே வேலை அதான். ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிஷம் ஜம்முனு ஓடும், அப்புறம் மூச்சடைச்சு நின்னுடும். டீசல் பம்பை மூணு தடவ கழட்டி மாட்டினேன், ஃபில்டரை மாத்தினேன். ஒண்ணும் எடுபடல. யார்கிட்டயும் சொல்லல, ஆனா கைப்பழக்கம் போயிடுச்சோன்னு உள்ளுக்குள்ள ஒரே பயம்.

மனைக்காரர் வீடு கட்டப்போறாராம், திங்கக்கிழமை பொக்லைன் வருதுன்னுட்டார். குத்தம்பாக்கத்துல ஒரு கொட்டகை கிடைச்சுது. லாரில ஏத்திடலாம்னார் என் வீட்டுக்காரர். எனக்கு ரோஷம். தானா ஓடி வந்தா வரட்டும், இல்லன்னா திரும்பக் காயலான் கடைக்கே போகட்டும், இனிமே ஸ்பேனரைத் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன். அந்த வாய்க்கு ரெண்டு போடணும்.

ஞாயித்துக்கிழமை காலைல நான் ஓட்ட, அவர் மட்கார்டுல உக்காந்துக்கிட்டார். பூந்தமல்லி தாண்டுறதுக்குள்ள மூணு தடவ நின்னுச்சு. நாலாவது தடவ எனக்கு அழுகையே வந்துடுச்சு. டீசலாவது இருக்கா பாப்போம்னு டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சு.

அப்பதான் பொறி தட்டிச்சு. அந்த மூடியில ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அது வழியா காத்து உள்ள போனாத்தான் டீசல் கீழ இறங்கும். மூடியை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். ஓட்டை இருக்கவேண்டிய இடத்துல பளபளன்னு சிவப்பு பெயின்ட்.

வளையல்ல மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தி அடைப்பை எடுத்தேன். அவருக்கும் புரிஞ்சுடுச்சு, மூஞ்சி சுண்டிப்போச்சு. மூடி அசிங்கமா இருந்துச்சுன்னு ரெண்டு கோட்டிங் அடிச்சாராம். வேற நாளா இருந்தா நடுரோட்டுலயே அவரை உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பேன். வாயைத் திறந்தா சிரிப்புதான் வருது.

"திட்டலையா?"ன்னார்.

"இல்லீங்க. என் கை கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கெடல."

அப்பாடா. அவர் என்னையே பார்த்துட்டு, "இதை ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?"ன்னு கேட்டார். மூடியை இறுக்கித் திருகினேன். ஏறுங்கன்னேன். குத்தம்பாக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் வண்டி எங்கயும் நிக்கல, அவரும் என் தோள்ல வச்ச கையை எடுக்கல.