முட்டை சாரின் மூக்கு

அந்தப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, அமிலம் கலந்து, தலை நரைத்துப்போன உதவியாளருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அவர் முட்டை சார், அவ்வளவுதான். தலையின் வடிவத்தால் வந்த பெயரல்ல. உப்புப் பரிசோதனை நாளில் மூலையிலிருக்கும் கண்ணாடிக் கருவியில் இரும்பு சல்பைடு கட்டிகளைப் போட்டு, மேலிருந்து அமிலத்தை இறக்குவார். அழுகின முட்டை நாற்றம் மாடி முழுக்கப் பரவும். "ஐயோ, முட்டை சார் ஆரம்பிச்சிட்டாரு!" என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவார்கள். அவர் முறைப்பார். உள்ளுக்குள் மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு வாசனையே தெரியாது. அமோனியாவும் அமிலப் புகையும் சேர்ந்து அந்த மூக்கை எப்போதோ தீர்த்துக் கட்டிவிட்டன. பிள்ளைகளின் முகம் கோணுவதை வைத்துத்தான் நாற்றம் எதுவரை போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பார். வீட்டில் மனைவி கதவைப் பாதி திறந்து, "அப்படியே பின்பக்கம் போய்க் குளிச்சிட்டு வாங்க. உள்ள கால் வெச்சீங்கன்னா நான் வெளிய போயிடுவேன்" என்பாள். அவள் செத்துப்போன பிறகு கதவைத் திறக்கிற சாவி அவர் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. மகள் கடல் தாண்டி இருக்கிறாள். போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள், அவர் வாயைத் திறப்பதற்குள், "சரிப்பா, வெச்சிடறேன்" என்பாள்.

பிறகு அந்தச் சுற்றறிக்கை வந்தது. பள்ளி ஆய்வகங்களில் நச்சு வாயு கூடாது, பாதரசம் கூடாது, அடர் அமிலம் கூடாது. நியாயம்தான், வேறொரு பள்ளியில் ஒரு பெண் மயங்கி விழுந்திருந்தாள். கையுறை போட்ட ஆட்கள் வந்து புட்டிகளை வாரிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தபடியே திரையில் வாயு வருவதைப் பார்த்தார்கள். திரை எங்கே நாறப்போகிறது? முட்டை சார் கழுவின குடுவைகளையே மறுபடி கழுவினார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நடைபாதையில் தூணைத் தாண்டிப் போவதுபோல அவரைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது ஒருவருமில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மேசை இழுப்பறையின் கோடியில் கொஞ்சம் சல்பைடு கட்டிகள் ஆட்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தன. ஒரு மத்தியானம், இடைவேளைக்குச் சற்று முன்பு, அவர் அந்தக் கருவியைத் துடைத்து வைத்தார். ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒரு பிள்ளை கத்தினால் போதும். கதவை விரியத் திறந்துவிட்டு அமிலத்தை இறக்கினார்.

மணி அடித்தது. பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். ஆய்வகத்துப் பக்கம் வர அவர்களுக்கு இப்போது என்ன வேலை? கருவிக்குள் நுரைத்தது தெரிந்தது. நாற்றம் வாசலையாவது தாண்டியதா என்று சொல்லத்தான் எதிரே ஒரு முகமில்லை. போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இறக்கினார். கண் எரிந்தது. தலை சுற்றவே, முக்காலியில் உட்கார்ந்தார்.

வேதியியல் டீச்சர்தான் அவர் சட்டையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்து வந்தாள். அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"என்ன சார் பண்றீங்க? மூச்சு விடுங்க! நல்லா இழுத்து விடுங்க!"

"நாறுதாம்மா?"

"நாறுதாவா? வயித்தப் புரட்டுது!"

அவர் முகம் மலர்ந்தது. டீச்சர் ஆய்வகக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"சார்ஜரை மறந்து வெச்சிட்டேன்னு வந்தேன் சார். இல்லேன்னா இந்த ரூம் பக்கம் யாரு வரா? நீங்க உள்ள விழுந்து கெடந்தாக்கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அவள் சொன்னது உண்மை. தலைமையாசிரியரிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்றாள். சொல்லும்மா என்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இறங்குகிற வரைக்கும் அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை.

வீட்டு வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பூட்டைத் திறக்கவில்லை. யாரும் சொல்லாமலே பின்பக்கம் போய்க் குளித்தார்.