நாலு கல்லுக்கு ஒரு செங்கல்

டக்ளஸ் பதினெட்டு வருஷம் கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ரோலருக்குப் பல் தீட்டியவர். கொழுந்தை நறுக்கும் ரோலர் மழுங்கினால் தூள் கெட்டுவிடும். நகத்தால் பல்லைத் தடவியே இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். மானேஜர் மேஜையில் அதற்கென்று ஒரு அளவுகோல் இருந்தது. கேட்பதென்னவோ டக்ளஸைத்தான்.

பச்சைத் தேயிலை விலை விழுந்த வருஷம் ஃபேக்டரி வாரத்துக்கு இரண்டு நாள் ஓடியது. பிறகு ஓடவில்லை. மனைவி லோயிஸின் தம்பி ஜினோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். "இங்கயும் வெட்டற வேலைதான் மச்சான். துணி சத்தம் போடாது, வந்துடுங்க" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். டக்ளஸுக்கு மேட்டுப்பாளையம் இறங்கினாலே வியர்த்தது. திருப்பூரை நினைத்துப் பார்க்கவும் விருப்பமில்லை.

அப்போதுதான் சர்ச் பாதைக்குக் கருங்கல் பாவும் வேலை வந்தது. எடுத்திருந்தவர் காரமடைக் காண்ட்ராக்டர் ஆறுக்குட்டி.

"ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகைங்க. சனிக்கிழமைக்குள்ள முடிச்சீங்கன்னா நான் எடுக்கற வேலைக்கெல்லாம் நீங்கதான் கல் வெட்டறது. இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறனுங்க."

ஆறுக்குட்டி கொடுத்த கல் வெட்டும் மிஷினுக்குப் பிளேடு வாங்கக் கோவைக்கு டக்ளஸே போனார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டிலும் விளிம்பில் வைரத்தூள்.

"இது கருங்கல்லுக்குங்க. இது செங்கல், சிமெண்டுக்கு."

"எது கெட்டி?"

"செங்கல் பிளேடுலதானுங்க உலோகம் கெட்டி. ஆனா..."

கல்லே கெட்டி. அதற்குப் போய் மிருதுவானதைக் காட்டுகிறாரே என்று டக்ளஸ் கடைக்காரருக்காக இரக்கப்பட்டார். கெட்டியானதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பராமரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அம்புக்குறி பார்த்து மாட்டினார். தண்ணீர் விடாமல் ஒரு கல் வெட்டவில்லை. சாயங்காலம் துடைத்து ஆணியில் தொங்கவிட்டார். படுக்க வைத்தால் கோணிவிடுமாம். தூறல் விழுந்தபோது மிஷினுக்குக் குடை பிடித்தார்.

"கல்யாணத்தன்னைக்கு நான் நனைஞ்சிட்டுதான் வந்தேன்" என்றாள் லோயிஸ்.

செவ்வாய்க்கிழமை பிளேடு நன்றாக ஓடியது. புதன் மதியம் கல்லின் மேல் நின்று பாடியது, உள்ளே இறங்கவில்லை. விளிம்பு கண்ணாடி மாதிரி மின்னியது. டக்ளஸுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வியாழன் காலை அரத்தை எடுத்து, ரோலருக்குத் தீட்டுவதுபோல, ஒரு மணி நேரம் தீட்டினார். அரம் வழுவழுப்பாகிவிட்டது. பிளேடில் ஒரு கீறல் இல்லை.

பாதையில் பாதி பாக்கி. வேறு பிளேடு வேண்டுமென்றால் ஆறுக்குட்டியிடம் சொல்லிப் பணம் வாங்க வேண்டும். சொன்னால் எதை வாங்கினார் என்பதும் வெளியே வரும்.

பண்டிகைக்குச் செடி வைக்க வந்திருந்த லோயிஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, கல்லைத் தடவிக் குடுத்தது போதும். பாத்திக்கு ஓரம் கட்டணும், இந்தச் செங்கலைப் பாதி பாதியா வெட்டிக் குடுங்க. செங்கலாவது வெட்டும்ல?"

"வெட்டும்" என்றார் டக்ளஸ். கடைக்காரர் சொன்னது அவருக்குத்தான் தெரியும்.

இருபது செங்கல் வெட்டினார். சிவப்புத் தண்ணீர் வாசல்வரை ஓடியது. பழக்க தோஷத்தில் மிஷினை நிறுத்தி விளிம்பை நகத்தால் தடவினார். நகம் சொரசொரவென்று மாட்டியது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு கருங்கல்லை வைத்தார். பிளேடு இறங்கியது.

வைரத்தூளைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்தால்தான் புது வைரம் தலைகாட்டும். கருங்கல் வைரத்தை மழுக்கும், ஆனால் கெட்டி உலோகத்தைத் தேய்க்காது. செங்கல் தேய்க்கும். கடைக்காரரின் "ஆனா"வுக்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நாலு கல்லுக்கு ஒருமுறை பிளேடு மறுபடி மின்னியது. ஒவ்வொரு முறையும் செங்கல் தேவைப்பட்டது.

"இன்னும் எங்கயாச்சும் பாத்தி போடணுமா?" என்று கேட்டார் டக்ளஸ்.

"மணிக்கம்பத்தைச் சுத்திப் போடலாம்."

"போட்டுட்டு வா. அப்புறம்?"

வெள்ளிக்கிழமைக்குள் மணிக்கம்பம், போதகர் வீட்டு வாசல், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் சுற்றிப் பாத்தி வந்துவிட்டது. டக்ளஸுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டதாகப் பாடகர் குழுவில் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைசிக் கல் உட்கார்ந்தது. ஆறுக்குட்டி வந்து பாதையில் இரண்டு தடவை நடந்தார். இணைப்புகளைக் காலால் அமுக்கிப் பார்த்தார். பிறகுதான் சுற்றிலும் பார்த்தார்.

"ஏனுங்க டக்ளஸ், நான் பாதை போடத்தானுங்களே சொன்னேன்? குழாயைச் சுத்தி எதுக்குங்க பூப்பாத்தி?"

"பண்டிகை பாருங்க..." என்று டக்ளஸ் இழுத்தார்.

"கெட்டி பிளேடா வாங்கிட்டு வந்திருக்காருங்க" என்றாள் லோயிஸ். "நாலு கல்லுக்கு ஒரு செங்கல் தீனி."

டக்ளஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமையே. செங்கல் வெட்டினதும் கல்லுல இறங்குச்சே, பாத்துட்டுதான் இருந்தேன். எனக்குப் பாத்தி வேணும்னு இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன்."

ஆறுக்குட்டி பிளேடை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை அரவேணுல வேலைங்க. மிஷினை ஏத்தி வெச்சிருங்க. அடுத்த பிளேடு வாங்கறப்போ அம்மிணியும் கூட வரட்டும்."

டக்ளஸ் பிளேடைத் துடைத்தார். மிஷினுக்குப் பக்கத்தில் எட்டு முழுச் செங்கலைக் கொண்டுவந்து அடுக்கினாள் லோயிஸ்.

"இது எதுக்கு?"

"அரவேணுல பாத்தி இருக்குமோ இருக்காதோ."