பற்பொடிச் சிறுமியின் வாய்

கண்காட்சி திறக்க இரண்டு மணி நேரம் இருந்தது. பட்டப்பகல். எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தச் சுவை இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் பழைய விளம்பர வடிவமைப்புகளை வைத்திருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு நாள் சோதனை வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம். வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருடமாகச் சும்மா இருந்தவள் நான். இதையும் கோட்டை விட்டால் வீட்டில் தலைகாட்ட முடியாது.

பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பான மேடம் ஒரு பற்பொடி விளம்பரத்தைக் காட்டினார். அச்சுக்குப் போன மூல ஓவியம். கொழுகொழுவென்று ஒரு சிறுமி, வாய் நிறையச் சிரிப்பு. பல்லில் பழுப்புக் கறை.

“எச்சில்தாம்மா மருந்து. குச்சில பஞ்சைச் சுத்தி நாக்குல நனை. மெதுவா உருட்டு. அழுக்குப் பஞ்சை மட்டும் திரும்ப வாயில வச்சிடாத.”

எச்சிலில் உள்ள நொதி பழைய பசைக் கறையைக் கரைக்கும். படித்திருக்கிறேன். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் பஞ்சை நனைத்தேன்.

படங்களுக்குச் சட்டம் மாட்டுபவரை எல்லாரும் ஆணி அண்ணன் என்பார்கள். “பட்டம் வாங்கிட்டுத் துப்புற வேலைக்கு வந்திருக்கியே பாப்பா!” என்று சிரித்தபடி பக்கத்து அறைக்குப் போனார்.

உருட்டினேன். கறை போனது. பஞ்சை மாற்றிக்கொண்டு திரும்பினால்... அதே இடத்தில் கறை. ஈரமாக.

மறுபடி துடைத்தேன். பஞ்சு மஞ்சளாகி, நூல் நூலாக இழுத்தது. சளி. காகிதத்தில் சளி ஏது?

மணி இரண்டேகால். மூன்றுக்குத் திறப்பு. பதற்றத்தில் கை தவறியது. அதே பஞ்சை வாயில் வைத்துவிட்டேன்.

வெதுவெதுப்பு. சொத்தைப் பல்லின் நாற்றம். இன்னொருவர் வாய்க்குள் என் நாக்கு கிடப்பதுபோல...

ஓங்கரித்தேன். ஓடியிருப்பேன். ஓடினால் வேலை போய்விடும். புதுப் பஞ்சை வைத்தேன்.

ச்சுப்...

குச்சி உள்ளே இழுபட்டது.

பிடுங்கினேன்.

வெறும் குச்சி.

தட்டையான காகிதம்தான். அவள் கன்னம் மட்டும்... மெல்ல உப்பியது.

மேடம் வந்து பார்த்தார். சிறுமியின் பல் பளிச்சென்று இருந்தது.

“நல்லா பண்ணியிருக்க. வேலை உனக்குத்தான். இனிமே இவளை நீதான் பாத்துக்கணும்.”

பிறகுதான் என் கையிலிருந்த குச்சியைக் கவனித்தார்.

“உன்கிட்டயும் வாங்கிட்டாளா?”

“மேடம்... யாரு இவ?”

அவர் ஓவியத்துக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

“வரைஞ்சவரோட பொண்ணு. செத்த ரெண்டாம் நாள் உட்கார வச்சு வரைஞ்சாராம். கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சுன்னு... வாய் கொள்ற மட்டும் பஞ்சை அடைச்சிருக்காரு.”