வாடகைக்குப் போன மைக்

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். பேனாவைப் பிடித்தாலே கை கூசும். ஆனால் போன வாரம் கூடப் படித்த கார்த்தி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பழைய போட்டோவைப் போட்டுத் தொலைத்தான். திறந்த ஜீப்பின் முன்னால், முழங்கால் வரை தொங்கும் மாலையோடு, சின்னப் பையன் கார்த்தி. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷத்தில் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை. சரி, எழுதியே தீர்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கார்த்தியின் அப்பாவுக்கு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. எங்கள் வார்டு கவுன்சிலரும் அவர்தான். பெரிய கட்சி. அவரை எதிர்த்து நிற்கிறவர் என் தாய்மாமன். மாமாவின் கட்சி எவ்வளவு பெரியது என்றால், ஊரிலிருந்த தொண்டர்கள் எல்லோரும் ஒரே ஷேர் ஆட்டோவில் மாநாட்டுக்குப் போகலாம். காலை நீட்டிக்கொள்ளவும் இடமிருக்கும். ஒவ்வொரு தேர்தலிலும் நிற்பார். ஒவ்வொரு தேர்தலிலும் டெபாசிட் போகும். அத்தையே அவருக்கு ஓட்டுப் போட்டாளா என்பதில் எங்கள் வீட்டில் ஒரு சந்தேகம் உண்டு. அவளிடம் கேட்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

மாமாவுக்குத் தொழில், மைக் செட் வாடகைக்கு விடுவது. கல்யாணம், காது குத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும்.

அந்தப் போட்டோ எடுத்த தேர்தலில், வேட்புமனுவை வாபஸ் வாங்கும் கடைசி நாளில், கார்த்தியின் அப்பாவே மாமா கடைக்கு வந்தார். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“ஏப்பா தம்பி, செயிக்கவா போற? எதுக்கு வெயில்ல அலையுற? வாபஸ் வாங்கிரு. அன்னபோஸ்ட்டா முடிச்சுக்கிருவோம்.”

போட்டியே இல்லாமல் ஜெயிப்பதற்கு எங்கள் பக்கம் அன்னபோஸ்ட் என்று பெயர்.

“செயிக்க மாட்டேன்னு எனக்கும் தெரியும்ண்ணே,” என்றார் மாமா. “ஆனா நான் வாபஸ் வாங்கிட்டா நீங்க எங்க தெருப் பக்கம் எதுக்கு வரப்போறீங்க?”

அவர் சிரித்துவிட்டார். “சரி, நில்லு. அப்ப மைக் செட்டு?”

“அது வேற, இது வேற. காலைல ஆட்டோவ அனுப்புங்க, கட்டித் தாரேன்.”

எனக்கு மாமா மேல் அப்படி ஒரு ஆத்திரம். தோற்கப் போகிறவர் எதற்கு நிற்க வேண்டும்? பேசாமல் வாபஸ் வாங்கியிருந்தால் ஊர்வலத்தில் எனக்கும் ஜீப்பில் ஓர் ஓரத்தில் இடம் கிடைத்திருக்கும். என் அரசியல் அறிவு அம்புட்டுத்தான்.

மறுநாள் முதல் எங்கள் குழாயில் கார்த்தியின் அப்பா புகழ் முழங்கியது. ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் மாமா. செட்டைப் பார்த்துக்கொள்ளவும் வழி சொல்லவும் அவர்தான். பின்னால் மைக்கோடு கார்த்தி, அவன் அப்பா. ஆம்ப்ளிஃபயரை மடியில் கட்டிக்கொண்டு நான். “அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!” என்று அவன் கத்துவான். ஊர் திரும்பிப் பார்க்கும். தெருவுக்குத் தெரு யாராவது அவன் கையில் ஒரு ஐஸைக் கொடுப்பார்கள். அது உருகி என் மடியிலிருக்கும் ஆம்ப்ளிஃபயரில் சொட்டும்.

“ஏலே, சவுண்டு பத்தல. திருகுடா!” என்பான்.

திருகுவேன். மனசுக்குள் அவன் காதைத்தான் திருகுவேன்.

மாமா தனக்கு ஓட்டுக் கேட்டது சாயங்காலம்தான். நடந்து, வெறும் தொண்டையில். இருந்த மைக் எல்லாம் வாடகைக்குப் போயிருந்ததே!

கடைசியாக ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்தது. தெரு முனையில் சாக்கடை மேல் கிடந்த கல் உடைந்து வெகுகாலம். நாங்கள் தாண்டிக் குதித்துப் பழகிவிட்டோம். பூக்கூடையோடு வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். டிரைவர் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார்.

“நேராப் போப்பா, போகும்,” என்றார் மாமா.

போகவில்லை. முன் சக்கரம் பொத்தென்று சாக்கடையில் இறங்கியது. இறங்கிப் பார்த்த கார்த்தியின் அப்பா, வெள்ளை வேட்டியோடு முழங்கால் வரை அதற்குள் நின்றார். குழாயடிப் பெண்கள் மொத்தமும் வந்துவிட்டார்கள்.

“வாங்கண்ணே! இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?”

“எங்க பிள்ளைக நெதம் விழுகுற குழிதான். நல்லாப் பாத்துக்கங்க!”

கார்த்தி பயந்துபோய் மைக்கைப் போட்டுவிட்டுக் குதித்தான். மைக் என் காலடியில் கிடந்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினேன்! எடுத்து, “போடுங்கம்மா ஓட்டு, பூட்டு சாவியைப் பாத்து!” என்று கத்தினேன். பூட்டு சாவி மாமாவின் சின்னம். தெருவே சிரித்தது. மறு நொடி என் மண்டையில் நங்கென்று ஒரு கொட்டு.

“வாடகைக்கு விட்ட மைக்குடா இது. இதுல நம்ம ஓட்டக் கேக்கப்படாது,” என்ற மாமா, மைக்கைப் பிடுங்கிச் சாக்கடையில் நின்றவரிடம் நீட்டினார். “பேசுங்கண்ணே. தெருவே கூடியிருக்கு.”

அந்த நிலையில் ஒரு மனுஷன் வேறு என்ன பேசுவார்? ஜெயித்ததும் முதல் வேலை இந்தச் சாக்கடைக்குப் பாலம்தான் என்றார். அது எங்கள் குழாயில் வார்டு முழுக்கக் கேட்டது.

அவர் ஜெயித்தார். மாமாவுக்கு வழக்கம்போல டெபாசிட் போனது. கார்த்தி ஜீப்பில் ஏறினான், போட்டோ எடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே தெரு முனையில் சிமெண்டுப் பாலம் வந்தது. பக்கச் சுவரில் நீலப் பெயின்ட்டில் அவர் பெயர். தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அந்த இடம் வந்ததும் கார்த்தி நின்று, “எங்கப்பா போட்ட பாலம்டா, பாத்து நட,” என்பான்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். “அவுங்கப்பா பாலம் போட்டாரு. நீ என்ன போட்ட?”

மாமா ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டே, “நான் நின்னேன்லடா,” என்றார். இதெல்லாம் ஒரு பதிலா என்று எரிச்சலோடு எழுந்து போய்விட்டேன்.

அடுத்த தேர்தல் சமயத்தில் மாமா, குழாய் கட்ட மரத்தில் ஏறி விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். வேறு யாரும் நிற்கவில்லை. கார்த்தியின் அப்பா அன்னபோஸ்ட். எங்கள் தெருவுக்குள் ஓர் ஆட்டோ வரவில்லை. ஒரு கும்பிடு வரவில்லை. இப்போது எங்கள் தெரு நடுவில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய குழி மூடாமல் கிடக்கிறது. மாமா இந்த முறை மறுபடி நிற்கிறார். டெபாசிட் போகும். நான் மைக் செட் குழாய்களை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் முதலில் கார்த்திக்குத்தான் அனுப்பினேன். அவனுக்கும் கொஞ்சம் எரியட்டுமே. செத்த நேரத்தில் பதில் வந்தது:

“அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன்டா, இந்தத் தடவ ஆட்டோவ எந்தக் குழியில எறக்கப் போறாருன்னு உங்க மாமாகிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னாரு.”